வீட்டுக் கிணற்றுத் தண்ணிக்கு என்ன வடிகட்டி போடலாம்? வன்னி வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மோட்டர் பூட்டுவது, தாங்கி ஏற்றுவது, பைப் இழுப்பது என்று கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்று பக்கமும் திரிகிற ஆள் நான். வேலை முடிந்து தேத்தண்ணி தருகிற நேரம் பார்த்துத்தான் அந்தக் கேள்வி வரும்: "தம்பி, எங்கட கிணத்துத் தண்ணிக்கு என்ன மெஷின் போடலாம்?" அதற்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததில் எழுதியே வைத்துவிட்டேன். வாசித்துவிட்டுப் பிறகு கோல் எடுங்கள்.

சும்மா நேராகச் சொல்லுங்கோ, எந்த மெஷின் நல்லது?

தெரியாது. உங்கள் கிணற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒருவராலும் சொல்ல முடியாது. சொல்கிறவர் இருந்தால் அவர் அந்த மெஷினை விற்க வந்தவர்.

வன்னி முழுக்க ஒரே தண்ணி இல்லை. வவுனியாப் பக்கம் அடியில் கருங்கல், அதனால் கல்சியமும் புளோரைட்டும் கூட. பூநகரி, ஆனையிறவுக் கடனீரேரியை ஒட்டிய இடங்களில் சவர். சில குழாய்க்கிணறுகளில் கறள். வயலும் மலசலகூடக் குழியும் கிணற்றுக்குக் கிட்ட இருந்தால் நைத்திரேற்றும் கிருமியும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. கறள் தண்ணிக்கு, கிருமியை மட்டும் கொல்கிற யூ.வீ. விளக்குப் பூட்டிய வீட்டை நான் பார்த்திருக்கிறேன். விளக்கு எரிந்தது, தண்ணி சிவந்தபடியே வந்தது.

அப்ப எங்கே கொண்டுபோய்ப் பரிசோதிக்கிறது?

உங்கள் பகுதி பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) முதலில் கேளுங்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு ஆய்வுகூடங்கள் இருக்கின்றன, எந்த ஊரில் எந்த நாளில் எடுப்பார்கள் என்று அவர்களின் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம்.

தண்ணி எடுக்கிற விதத்தில்தான் பாதிப் பேர் பிழை விடுகிறார்கள். மோட்டரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, தாங்கிக்குப் போகுமுன் உள்ள பைப்பில் பிடியுங்கள். உப்பு, கல்சியம் பார்க்க என்றால் போத்தலை அதே தண்ணியால் மூன்று தரம் அலசிவிட்டு நிரப்பலாம். கிருமி பார்க்க என்றால் அப்படிச் செய்யக் கூடாது. ஆய்வுகூடம் தருகிற கிருமி நீக்கிய போத்தலை அலசாமல், மூடியின் உட்பக்கத்தில் விரல் படாமல் நிரப்பி, ஐஸ் போட்ட பெட்டிக்குள் வைத்து அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். முந்தின நாள் பின்னேரம் சோடாப் போத்தலில் பிடித்து மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள் வைத்துவிட்டு அடுத்த நாள் மத்தியானம் கொடுத்தால் வருவது உங்கள் கிணற்றின் றிப்போட் இல்லை, அந்தச் சோடாப் போத்தலின் றிப்போட்.

முடிந்தால் இரண்டு தரம் பாருங்கள்: ஆவணி, புரட்டாதியில் தண்ணி அடியில் கிடக்கும்போது ஒருக்கா, மாரி முடிந்து தையில் ஒருக்கா. கோடையில் உப்பும் புளோரைட்டும் இறுகும், மாரியில் கிருமி கூடும். ஒரு றிப்போட்டை வைத்துக்கொண்டு வருடம் முழுக்க இதுதான் என்று நினைக்கக் கூடாது.

றிப்போட் வந்தது. எந்த எண்ணைப் பார்க்கிறது?

இலங்கையின் குடிநீர்த் தரத்துக்கு எஸ்.எல்.எஸ். 614 என்று பெயர். அதில் ஒரு லீற்றருக்கு இவ்வளவுதான் இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறது: புளோரைட் 1 மில்லிகிராம், மொத்த வன்மை 250, கரைந்த திண்மம் 500, நைத்திரேற்று 50, இரும்பு 0.3, குளோரைட் 250. ஈ.கோலை என்ற மலக்கிருமி 100 மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

எல்லா எண்ணும் ஒரே பாரம் இல்லை. வன்மை 400 என்றால் சவுக்காரம் நுரைக்காது, ஆனால் பயந்து ஓட ஒன்றுமில்லை. ஈ.கோலை இருந்தால் இன்றைக்கே கொதிக்க வையுங்கள். புளோரைட் 2 என்றால், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால், அவர்கள் குடிக்கிற தண்ணியை இந்தக் கிழமைக்குள் மாற்றுங்கள்.

ஒருவர் வந்து எங்கள் தண்ணிக்குள் ஏதோ கம்பி விட்டு கரண்ட் கொடுத்தார். தண்ணி சேறாகிவிட்டது. அவர் கொண்டுவந்த தண்ணி அப்படியே இருந்தது. அம்மா அழுதுவிட்டா.

இந்த வித்தை எங்கள் வீட்டிலும் நடந்தது. மேசையில் இரண்டு கிளாஸ், ஒன்றில் கிணற்றுத் தண்ணி, மற்றதில் அவருடைய ஆர்.ஓ. தண்ணி, அதாவது மென்படலத்துக்குள்ளால் தள்ளி உப்பை நீக்கிய தண்ணி. நாலு கால் வைத்த ஒரு சின்னக் கருவியை இரண்டுக்குள்ளும் விட்டு சுவிட்சைப் போட்டார். ஒரு நிமிடத்தில் எங்கள் கிளாஸ் பச்சையாகி, மண்ணிறமாகி, மேலே அழுக்கு நுரை கட்டியது. "இதைத்தான் அம்மா நீங்கள் பிள்ளைகளுக்குக் குடுக்கிறியள்" என்றார்.

நான் உள்ளே போய் ஒரு சிட்டிகை உப்பு எடுத்துவந்து அவருடைய கிளாஸில் போட்டுக் கலக்கிவிட்டு, இப்ப விட்டுப் பாருங்கோ அண்ணை என்றேன். விடமாட்டேன் என்றார். பிறகு விட்டார். எங்கள் தண்ணியைவிட மோசமாகக் கறுத்தது.

விஷயம் இவ்வளவுதான்: அந்தக் கால்களில் இரண்டு இரும்பு. தண்ணியில் உப்புச்சத்து இருந்தால் கரண்ட் ஓடும், கரண்ட் ஓடினால் இரும்பு கரையும், கரைந்த இரும்புதான் அந்தச் சேறு. ஆர்.ஓ. தண்ணியில் உப்பு இல்லாததால் கரண்ட் ஓடவில்லை. அந்த அழுக்கு முழுக்க அவர் கொண்டுவந்த கம்பியுடையது. அம்மாவிடம் சொல்லுங்கள்.

டி.டி.எஸ். மீற்றர் ஒன்று வாங்கினால் போதாதா?

போதாது. பேனை மாதிரி இருக்கும் அந்தச் சாமான் மொத்தமாக எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று மட்டும் மதிப்பிடும். கிருமி நிறைந்த தண்ணியிலும் 150 காட்டும். புளோரைட் 3 மில்லிகிராம் இருந்தாலும் தனியாகச் சொல்லத் தெரியாது. ஆனால் ஆர்.ஓ. வாங்கிய பிறகு வைத்திருங்கள். உள்ளே போவது 900, வெளியே வருவது 60 என்று இருந்து, ஒரு நாள் வெளியே வருவது 300 ஆனால் மென்படலம் போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு நல்ல உதவி.

நாங்கள் எப்போதும் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம். பிறகென்ன?

கிருமிக்கு அதைவிட நல்ல வழி இல்லை. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். ஆனால் புளோரைட், நைத்திரேற்று, உப்பு ஒன்றும் ஆவியாகிப் போகாது, தண்ணிதான் ஆவியாகும். மிச்சத் தண்ணியில் அவை இன்னும் இறுகும். எங்கள் ஆச்சிமார் பிள்ளைக்கு என்று அரை மணித்தியாலம் வற்றக் காய்ச்சுவார்கள். பாசம்தான், ஆனால் புளோரைட் கூடிய கிணறு என்றால் அது பாதகம்.

கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறது. கல்லடைப்பு வருமா?

கொதிக்கும்போது கல்சியம் பிரிந்து ஒட்டுகிறது, அதுதான் அந்த வெள்ளை. வினாகிரி அல்லது தேசிக்காய்ப் புளி விட்டு ஊறவைத்தால் கழன்றுவிடும். வன்மைக்கு என்று உடல்நல அடிப்படையில் உலக சுகாதார அமைப்பு எல்லை ஒன்றும் வைக்கவில்லை. வெயிலில் வேலை செய்துவிட்டுத் தண்ணி குடிக்காமல் இருப்பதுதான் கல்லுக்குப் பெரிய காரணம்.

சொஃப்னர் என்று ஒரு சாமான் விற்பார்கள். உள்ளே பிசின் மணிகள், கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். அவ்வப்போது உப்புத் தண்ணியால் கழுவி அதை உயிர்ப்பிக்க வேண்டும். ஹீற்றரும் வோஷிங் மெஷினும் கெடுகிற பெரிய வீட்டுக்கு அது சரி. குடிதண்ணிக்கு என்று வாங்காதீர்கள். அது புளோரைட்டை எடுக்காது, பிரஷர் உள்ளவருக்குச் சோடியம் கூடுவதும் நல்லதில்லை.

பிள்ளையின் பல்லில் மண்ணிறக் கறை. கிணறுதான் காரணமா?

இருக்கலாம். பல் உருவாகிற வயதில், அதாவது முதல் எட்டு வருடத்துக்குள், புளோரைட் கூடிய தண்ணி குடித்தால் முதலில் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளைக் கோடு, பிறகு மண்ணிறம். தேய்த்தால் போகாது. அந்தப் பல் அப்படித்தான் இருக்கும், ஆனால் தம்பி தங்கச்சியின் பல்லைக் காப்பாற்றலாம்.

இங்கே பல வீடுகளில் கட்டுக்கிணறு ஒன்றும் குழாய்க்கிணறு ஒன்றும் இருக்கும். குழாய்க்கிணறு ஆழம், அதனால் அந்தத் தண்ணிதான் சுத்தம் என்று ஒரு நினைப்பு. கிருமிக்கு அது பெரும்பாலும் சரி. புளோரைட்டுக்கு நேர்மாறு. பாறைக்குள் கனகாலம் கிடந்த தண்ணியில்தான் அது கூடுதலாக இருக்கும். இரண்டையும் பரிசோதித்துப் பாருங்கள், சில வேளை மெஷினே தேவைப்படாது, குடிக்கிற கிணற்றை மாற்றினால் போதும்.

மாற்ற முடியாது என்றால் ஆர்.ஓ., அல்லது ஊக்கிய அலுமினா என்ற மணிகள் நிரப்பிய வடிகட்டி. அலுமினா கரண்ட் இல்லாமல் ஓடும், ஆனால் எப்போது அது நிரம்பி வேலை நிறுத்துகிறது என்று பார்த்தும் தெரியாது, குடித்தும் தெரியாது. பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் அந்தப் பொறுமை உள்ள ஆள் இருந்தால் மட்டும் போடுங்கள்.

சிறுநீரக வருத்தம் தண்ணியாலேயா வருகிறது?

இந்தக் கேள்விக்கு யாராவது "ஓம், இதுதான் காரணம், இந்த மெஷின் போட்டால் வராது" என்று சொன்னால் வாசலைக் காட்டுங்கள். வடமத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்து, வவுனியாவையும் தொட்டிருக்கிற அந்த நோய்க்கு ஒற்றைக் காரணம் இது என்று ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. புளோரைட்டும் வன்மையும் சேர்ந்தது என்கிறார்கள், வேளாண் நஞ்சு என்கிறார்கள், வெயிலில் உடல் வற்றுவது என்கிறார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் ஆர்.ஓ. தண்ணியோ மழைத்தண்ணியோ குடிப்பது புத்தியான காரியம்தான். அதோடு ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியற்றினின் அளவை இரத்தத்தில் பார்த்துவிடுங்கள். தண்ணியை மாற்றிவிட்டோம் என்று அதை விடக் கூடாது.

தண்ணி சிவக்கிறது, உடுப்பெல்லாம் கறை.

இதுதான் மலிவாகத் தீர்க்கக்கூடிய பிரச்சினை, இதற்குத்தான் ஆட்கள் அதிகம் செலவழிக்கிறார்கள்.

முதலில் எங்கிருந்து சிவப்பு வருகிறது என்று பாருங்கள். காலையில் முதல் வாளி மட்டும் சிவந்து பிறகு தெளிந்தால் பழைய இரும்புப் பைப்பின் கறள். பைப்பை மாற்றுங்கள். அள்ளும்போது கண்ணாடி மாதிரி இருந்து, ஒரு மணித்தியாலம் வைத்தால் மஞ்சளாகி அடியில் மண்ணிறம் படிந்தால் அது நிலத்திலிருந்தே வருகிற இரும்பு. இன்னும் ஒரு சோதனை: கொய்யா இலையைக் கசக்கி அந்தத் தண்ணிக்குள் போடுங்கள், இரும்பு இருந்தால் ஊதாக் கறுப்பாக மாறும். சாயத் தேத்தண்ணி மை மாதிரிக் கறுப்பதும் அதே காரணம்தான்.

அதற்குக் காற்றுப் பட வேண்டும். பைப் முனையில் ஷவர் தலை ஒன்றைப் பூட்டித் தாங்கிக்குள் பூமழையாக விழ விடுங்கள், இரவு முழுக்க அடைய விட்டு, அடியிலிருந்து அரை அடி மேலே வைத்த குழாயால் ஒரு பரலுக்கு இறக்குங்கள். பரலில் கீழே சல்லிக்கல், அதன்மேல் சின்னக் கல், மேலே இரண்டடி கழுவிய ஆற்றுமணல். பல இடத்தில் அவ்வளவே போதும். மாதம் ஒருக்கா மேல் மணலைச் சுரண்டிக் கழுவ வேண்டும், அதைத்தான் ஒருவரும் செய்வதில்லை.

எங்கள் கிணறு சவர். வடிகட்டி?

மணல், கரி, மண்பானை, யூ.வீ. ஒன்றும் உப்பைத் தொடாது. ஆர்.ஓ. ஒன்றுதான். அதிலும் வீட்டுக்கு விற்கிற சின்ன மெஷின்கள் பெரும்பாலும் கரைந்த திண்மம் 2000 வரைக்கும்தான் தாங்கும், பெட்டியில் போட்டிருக்கும், பாருங்கள். வாங்குவதற்கு முன் இறைப்பைக் குறைத்துப் பாருங்கள். கரையோரத்தில் நல்ல தண்ணி சவர்த் தண்ணியின் மேலே மிதந்துகொண்டிருக்கிறது. பெரிய மோட்டரால் ஒரே மூச்சில் இழுத்தால் கீழே இருப்பது ஏறிவிடும். முன்னோர் துலாவால் இறைத்த கிணறு நல்ல தண்ணியாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, ஆர்.ஓ.தான் எடுக்கப் போகிறோம். என்ன பார்க்க வேண்டும்?

அழுத்தம். பத்தடி உயரத் தாங்கியிலிருந்து வருகிற தண்ணியின் அழுத்தம் 0.3 பார், மென்படலத்துக்கு 3 பாருக்குக் கிட்ட வேண்டும். ஆகவே பூஸ்டர் பம்ப் உள்ளதாக எடுங்கள். வோல்டேஜ் விழுகிற ஊர் என்றால் அந்தப் பம்புக்கு ஸ்டெபிலைசர்.

கழிவு. ஒரு லீற்றர் நல்ல தண்ணி வர இரண்டு மூன்று லீற்றர் வெளியே போகும். அதைச் சாக்கடைக்கு விடாமல் பரலில் பிடித்து முற்றம் கழுவ, மலசலகூடத்துக்கு ஊற்றப் பாவியுங்கள். பூக்கன்றுக்கு ஊற்றாதீர்கள், உப்பு ஒன்றரை மடங்கு வரை இறுகியிருக்கும்.

பிறகு, பார்ட்ஸ். முன் வடிகட்டி மூன்று முதல் ஆறு மாதத்தில், மென்படலம் இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டி வரும், வன்மை கூடிய தண்ணி என்றால் அதற்கும் முந்தி. மெஷின் விலையை விடுங்கள், ஒரு வருடத்துக்குப் பார்ட்ஸ் எவ்வளவு, அது கிளிநொச்சியில் கிடைக்குமா, கொழும்பிலிருந்து வர வேண்டுமா என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து மூன்று வீட்டில் அழகான வெள்ளைப் பெட்டி சுவரில் தொங்குகிறது, மேலே சாமிப்படம் வைத்திருக்கிறார்கள்.

லண்டனில் இருக்கிற மாமா வீடு முழுக்கப் போடச் சொல்லிக் காசு அனுப்புகிறேன் என்கிறார்.

மாமாவுக்கு நன்றி சொல்லுங்கள். குளிக்கிற, கழுவுகிற தண்ணிக்கு புளோரைட் நீக்கி என்ன பயன்? ஐந்து பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லீற்றர் போதும். அந்த 20 லீற்றரை ஒழுங்காகச் சுத்தம் செய்யுங்கள். மிச்சக் காசுக்குக் கிணற்றைச் சுற்றிச் சீமெந்துத் தளமும், இரண்டரை அடி உயரக் கட்டும், வலையோ மூடியோ போடுங்கள். மலக்குழி 50 அடிக்குள் இருந்தால் அதைத் தள்ளி வெட்டுங்கள். அப்புறமும் காசு இருந்தால் அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

மழைத்தண்ணி குடிக்கலாமா?

என்னைக் கேட்டால் புளோரைட் கூடிய கிணறு உள்ள வீட்டுக்கு இதுதான் முதல் தெரிவு, ஆர்.ஓ. இரண்டாவது. கணக்கைப் பாருங்கள். 1000 சதுர அடிக் கூரையில் ஒரு அங்குல மழை விழுந்தால், சிந்தினது போக, 1800 லீற்றருக்குக் கிட்டப் பிடிக்கலாம். 5000 லீற்றர்ச் சீமெந்துத் தொட்டி நிரம்ப ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நல்ல மழை காணும். நாளுக்கு 20 லீற்றர் வீதம் அது 250 நாள் வரும். புளோரைட் இல்லை, கல்சியம் இல்லை, கரண்ட் தேவையில்லை.

முதல் மழையைப் பிடிக்கக் கூடாது. பீலியிலிருந்து வருகிற பைப்பில் ஒரு கிளை வைத்து, கூரை கழுவுகிற முதல் பத்து நிமிடத் தண்ணியை வெளியே விடுங்கள். தொட்டி வெளிச்சம் படாமல் மூடியிருக்க வேண்டும், துவாரத்துக்கெல்லாம் நுளம்பு வலை. குரங்கும் புறாவும் கூரையில் குடியிருந்தால் கொதிக்க வைத்துக் குடியுங்கள். அஸ்பெஸ்ரஸ் உடைந்து தூளாகிற கூரை என்றால் வேண்டாம், ஓடோ தகரமோ நல்லது. "சப்பென்று இருக்கு" என்பார்கள். கல்சியத் தண்ணி குடித்துப் பழகிய நாக்கு, இரண்டு கிழமையில் பழகிவிடும்.

வெள்ளம் கிணற்றுக்குள் போய்விட்டது.

2018 மார்கழியில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியபோது நிறையப் பேர் செய்த பிழை: தண்ணி வடிந்த உடனே மோட்டரைப் போட்டுக் கிணற்றை ஒட்ட இறைத்தது. சுற்றி நிலம் ஊறிப்போய் இருக்கும்போது உள்ளே வெறுமையாக்கினால் வெளியழுத்தம் கட்டைத் தள்ளும், கிணறு இடிந்து விழும். நிலத்தண்ணி இறங்கும்வரை பொறுங்கள், பிறகு மெதுவாக இறைத்துச் சேறெடுத்து, ஊறவிட்டுக் குளோரின் போடுங்கள்.

அளவு தெரிய: கிணற்றின் குறுக்களவை அதே எண்ணால் பெருக்கி, தண்ணியின் ஆழத்தால் பெருக்கி, 0.785ஆல் பெருக்குங்கள், எல்லாம் அடியில். வருவதை 28.3ஆல் பெருக்கினால் லீற்றர். 12 அடி அகலம், 10 அடித் தண்ணி என்றால் 32,000 லீற்றர். அந்த எண்ணோடு பி.எச்.ஐ.யிடம் போனால் எவ்வளவு தூள் என்று சரியாகச் சொல்வார், தூளும் பெரும்பாலும் அவரிடமே கிடைக்கும். வாளியில் கரைத்து, அடைய விட்டு, தெளிந்ததை ஊற்றுங்கள். சும்மா ஒரு பேணி அள்ளி எறிய வேண்டாம். அவர் வந்து பார்த்துச் சொல்லும்வரை குடிக்கவும் வேண்டாம்.

தேத்தாங்கொட்டை, நெல்லிக்கட்டை போடுகிறார்களே, அது பொய்யா?

பொய் இல்லை. தேத்தாங்கொட்டையைக் கல்லில் உரைத்துக் கலக்கிவிட்டால் கலங்கல் அடியில் இறங்கும், படிகாரம் செய்கிற வேலைதான். தெளிவு வேறு, கிருமி இல்லாமல் இருப்பது வேறு. தெளிந்த பிறகு கொதிக்க வையுங்கள். நெல்லிக்கட்டை போட்ட எங்கள் அப்பப்பாவின் கிணறு இனிக்கும், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனால் அதை நம்பிப் பரிசோதனையை விடவும் மாட்டேன்.

கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கிணற்றுத் தண்ணி?

நைத்திரேற்று 50க்கு மேல் என்றால் கூடவே கூடாது, கொதிக்க வைத்தாலும் கூடாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளையின் இரத்தம் ஒட்சிசன் காவ முடியாமல் உடல் நீலம் பாயலாம். வயலுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் உள்ள கிணறு என்றால் பிள்ளை பிறக்க முதலே பாருங்கள். தாய்ப்பால் கொடுக்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

ஊரில் இருக்கிற ஆர்.ஓ. நிலையத்தில் கானில் எடுக்கிறோம். அது போதுமா?

போதும், மெஷின் வாங்குவதைவிட மலிவும்கூட. கானைப் பாருங்கள். உள்ளே கையை விட்டுத் தடவினால் வழுவழு என்று இருக்கிறதா? அதுதான் பிரச்சினை. ஆர்.ஓ. தண்ணியில் கிருமியைத் தடுக்க ஒன்றும் இல்லை, பாசி பிடித்த கானில் ஊற்றினால் அது பாசித் தண்ணி. கிழமைக்கு ஒருக்கா சவுக்காரம் போட்டுக் குலுக்கிக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். நிலையத்து ஆளிடம் கடைசியாக எப்போது வடிகட்டி மாற்றினீர்கள் என்றும் கேளுங்கள். கோபித்தால் அடுத்த நிலையம்.